ராணுவ விமான விபத்து விசாரணை: எதை மூடி வைக்கலாம், எதை மூடக் கூடாது

கேள்வி இது: குன்னூரில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து இத்தனை வருடமாகியும் முழு விசாரணை அறிக்கையை ஏன் வெளியிடவில்லை? ராணுவ விமான விபத்து என்றாலே ரகசியம் என்பது யாரையாவது காப்பாற்றத்தானே?

அந்த ரகசியத்தில் ஒரு பகுதி நியாயமானது, அதை உடைத்தால் அடுத்த விபத்தில் இன்னும் சிலர் சாவார்கள். மற்றொரு பகுதிக்கு எந்த நியாயமும் கிடையாது. நம் நாட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே பூட்டாகப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. இதை விளக்க அமெரிக்க விமானப்படையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையை அங்கே விதவைகளும் காயம்பட்டவர்களும் கோர்ட் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் தீர்ப்புகளாகப் பதிவாகிக் கிடக்கிறது.

1973 அக்டோபரில் அமெரிக்க விமானப்படையின் எஃப்-106பி விமானம் ஒன்றின் எஞ்சின் பறக்கும்போதே நின்றுபோனது. விமானி இருக்கையோடு வெளியே குதித்தார், உயிர் பிழைத்தார், ஆனால் பலத்த காயம். விசாரணைக் குழு அவரிடம் வாக்குமூலம் வாங்கியது, அவருடைய பாராசூட் சாதனங்களைப் பொருத்திப் பராமரித்த விமானப்படை ஊழியரிடமும் வாங்கியது. அந்த ஊழியர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அன்றைக்கு ஒரு பட்டையைச் சரியாக மாட்டினோமா இல்லையா என்று மனதுக்குள் ஒரு சந்தேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் வேலை போகலாம், தண்டனை வரலாம், காயம்பட்டவர் வழக்குப் போடலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே பட்டையை அதே மாதிரி மாட்டிக்கொண்டு நாளைக்கு இன்னும் பல விமானிகள் பறப்பார்கள். அவர் வாயைத் திறக்க ஒரே வழி, "நீ சொல்வதை அடுத்த விபத்தைத் தடுக்க மட்டும்தான் பயன்படுத்துவோம், வேறு எதற்கும் எடுக்க மாட்டோம்" என்று உறுதி கொடுப்பதுதான். அந்த உறுதியைக் கொடுத்துத்தான் இருவரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள்.

பிறகு விமானி சாதனங்களைத் தயாரித்த கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார். கம்பெனிகள் அந்த வாக்குமூலங்களைக் கேட்டன, கிடைக்கவில்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்த்தன, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984-இல் நீதிபதிகள் ஒருமனதாக, உறுதி கொடுத்து வாங்கிய வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். அந்தத் தீர்ப்போடு எனக்கு முழு உடன்பாடு. காப்பாற்றப்பட்டது மேலதிகாரி இல்லை, பட்டையை மாட்டியவரும் விமானியும்தான் என்பதைக் கவனியுங்கள்.

உடைந்த இரும்பைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் அது எங்கே, எப்படி முறிந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் முந்தின இரவு விமானி சரியாகத் தூங்கவில்லை, உயரமானியை ஒரு நொடி தப்பாகப் படித்தார், அந்த ஸ்குவாட்ரனில் எல்லாருமே செக்லிஸ்டில் ஒரு வரியை வழக்கமாக விட்டுவிடுகிறார்கள் என்பதெல்லாம் மனிதர்கள் சொன்னால்தான் உண்டு. இதில் கடைசியாகச் சொன்னதுதான் மிக ஆபத்தானது, அதை யாரும் பயமில்லாமல் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடலாமா? கூடாது. 1963-லேயே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குக் கோடு போட்டுவிட்டது. பி-25 விபத்து ஒன்றில் உயிர் தப்பிய ஒருவர் ப்ரொப்பெல்லர் தயாரித்த கம்பெனி மேல் வழக்குப் போட்டு, விமானப்படையின் அறிக்கையைக் கேட்டார். ரகசிய உறுதியின் பேரில் சொன்னவற்றையும், அவற்றை வைத்துக் குழு எடுத்த முடிவுகளையும் தர வேண்டாம், ஆனால் மெக்கானிக்குகள் உடைந்த பாகங்களைப் பரிசோதித்துக் கண்ட உண்மைகளைத் தர வேண்டும் என்றது கோர்ட். ஒருவர் நம்பிக்கையில் சொன்னது ஒரு வகை, பொருளில் கண்டது இன்னொரு வகை. எந்த நாட்டு ராணுவமானாலும் இந்தக் கோட்டை வைத்துத்தான் நான் எடை போடுவேன்.

அமெரிக்க விமானப்படை இதற்காக இரண்டு விசாரணை நடத்துகிறது. முதலில் பாதுகாப்புக் குழு. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிக்கப் பார்ப்பார்கள், சாட்சிகளுக்கு ரகசிய உறுதி உண்டு, பாகங்களைத் தயாரித்த கம்பெனியின் எஞ்சினியர்களுக்கும் உண்டு. அங்கே சொன்னதை வைத்து ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது, பறக்கும் தகுதியைப் பறிக்க முடியாது, நஷ்ட ஈடு கேட்க முடியாது. தெரிந்தே செய்த குற்றம் ஏதாவது தட்டுப்பட்டால் குழு அங்கேயே நிறுத்தி மேலே தெரிவிக்க வேண்டும், அதை இந்த உறுதியால் மூட முடியாது. அப்புறம் வேறு ஆட்களைக் கொண்ட இரண்டாவது குழு வரும். பரிசோதனை முடிவுகள், படங்கள், பராமரிப்புப் பதிவேடுகள், கருவிப் பதிவுகள் என்று உண்மை சார்ந்த எல்லாமே முதல் குழுவிடமிருந்து இதன் கைக்கு வரும். வாக்குமூலங்கள் வராது. சாட்சிகளைப் புதிதாகக் கூப்பிட்டு, எந்த உறுதியும் கொடுக்காமல், சத்தியப் பிரமாணத்தின் மேல் கேட்பார்கள். இந்த அறிக்கைதான் பொதுவில் வரும். வெளியிடுவதற்கு முன்னால் குழுத் தலைவர் இறந்தவர் குடும்பத்தை நேரில் சந்தித்து விளக்குவார்.

இந்த முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. முதல் குழுவிடம் மனம் விட்டுப் பேசியவர் இரண்டாவது குழுவிடம் வாயைக் கட்டிக்கொள்ளலாம். குடும்பத்தினர் பலர், எங்களுக்கு அந்த முதல் அறிக்கைதான் வேண்டும் என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் அவர்கள் கையில் நூற்றுக்கணக்கான பக்கங்களாவது இருக்கின்றன, கேள்வி கேட்க அதில் பிடி கிடைக்கிறது.

அந்தப் பிடி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். 2010 நவம்பர் 16, அலாஸ்காவில் எஃப்-22 விமானம் விழுந்து விமானி இறந்தார். காற்று வரும் அமைப்பில் கோளாறு, அதனால் அவருக்கு ஆக்சிஜன் நின்றுபோனது. அவசர ஆக்சிஜனைத் திறக்க இருக்கையின் பக்கவாட்டில் ஒரு வளையம் உண்டு, அதைக் கையால் பிடித்து இழுக்க வேண்டும். தடிமனான குளிர் உடுப்பு, கையுறை, இருட்டு, விமானமோ தலைகுப்புறப் போய்க்கொண்டிருக்கிறது. 2011 டிசம்பரில் வந்த அறிக்கை தவறை விமானி மேல் போட்டது. ஆனால் அந்த அறிக்கை பகிரங்கமாக இருந்தது, யாரும் படிக்கலாம். படித்தவர்கள் கேட்டார்கள்: மூச்சுவிட முடியாமல் திணறியவர் மேல் எதை வைத்துப் பழி போட்டீர்கள்? பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அதைப் பரிசீலித்து, அறிக்கையின் முடிவுக்கு அதிலுள்ள ஆதாரங்கள் போதவில்லை என்று 2013-இல் சொன்னது. விமானப்படை தன் முடிவிலேயே நின்றது, இருந்தாலும் அந்த விமானியின் பெயருக்கு மறுபக்கம் ஒன்றும் பதிவானது. அறிக்கை பெட்டிக்குள் இருந்திருந்தால் "விமானியின் தவறு" என்ற சொற்கள் மட்டும் வெளியே வந்து, அதுவே முடிந்த கதையாகியிருக்கும்.

இனி இதற்கு நேரெதிரான கதை, ரகசியத்தின் பெயரால் நடந்த அநியாயம். 1948 அக்டோபர் 6, ஜார்ஜியா மாநிலம் வேக்ராஸ் அருகே பி-29 விமானம் ஒன்று எஞ்சினில் தீப்பிடித்து விழுந்தது. ரகசிய மின்னணுக் கருவிகளைச் சோதிக்கப் போன விமானம். உள்ளே இருந்த 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். அதில் மூன்று சிவில் எஞ்சினியர்களின் மனைவியர் அரசு மேல் வழக்குப் போட்டு, விசாரணை அறிக்கையைக் கேட்டார்கள். விமானப்படை மறுத்தது. நீதிபதி, எனக்கு மட்டுமாவது காட்டுங்கள், நான் படித்துப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். அதற்கும் மறுத்தது, நாட்டின் பாதுகாப்பு என்றது. நீதிபதி அசரவில்லை, காட்டாவிட்டால் வழக்கில் நீங்கள் தோற்றதாக அர்த்தம் என்று, விதவைகளுக்கு மொத்தம் 2,25,000 டாலர் கொடுக்கச் சொன்னார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

1953-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அதைத் தலைகீழாக்கியது. அறிக்கையை அந்த நீதிபதிகளும் படிக்கவில்லை. படிக்காமலேயே, ராணுவ ரகசியம் வெளியாக நியாயமான ஆபத்து இருப்பதாக அரசு சொன்னதை ஏற்றார்கள். 'ரெனால்ட்ஸ் வழக்கு' என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் அரசு ரகசியம் என்று சொல்லி வழக்குகளை முடக்குவதற்கு இன்றைக்கும் அடிப்படை இதுவே. விதவைகள் கடைசியில் 1,70,000 டாலருக்குச் சமரசமானார்கள்.

பிறகு நடந்தது கொடுமை. இறந்த எஞ்சினியர் ஒருவருக்கு அப்போது பிறந்து சில வாரமே ஆன ஒரு மகள். அவர் வளர்ந்து, 2000-இல் இணையத்தில் தேடும்போது, ரகசியம் நீக்கப்பட்ட பழைய விமான விபத்து அறிக்கைகளை விற்கும் ஒரு தளத்தைப் பார்த்து, அப்பா இறந்த விபத்தின் அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கினார். அதில் ரகசியக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று எதுவும் இல்லை. என்ன இருந்தது என்றால், எஞ்சின் தீப்பிடிக்காமல் இருக்க அந்த ரக விமானங்களில் செய்யச் சொல்லியிருந்த வெப்பத் தடுப்பு மாற்றத்தை இந்த விமானத்தில் செய்யவில்லை, அது பறக்கத் தகுந்த நிலையில் இல்லை, புறப்படும் முன் சிவில் ஆட்களுக்கு அவசரத்தில் எப்படி வெளியேறுவது என்று சொல்லிக்கொடுக்கவும் இல்லை என்பது. அரசின் அலட்சியத்துக்கான ஆதாரம் அதுதான், விதவைகள் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருந்ததும் அதுதான். குடும்பங்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போனபோது, 1950 வாக்கில் பி-29 பற்றிய சாதாரண விவரம்கூட எதிரிக்குப் பயன்பட்டிருக்கலாம் என்ற வாதத்தை ஏற்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த வாதத்தில் துளி உண்மை இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு நீதிபதி தனியறையில் உட்கார்ந்து படித்திருந்தால் ரகசியத்தைக் கறுப்பு மை பூசி நீக்கிவிட்டு, வெப்பத் தடுப்பு பற்றிய பக்கத்தை அந்தப் பெண்களிடம் கொடுத்திருக்க முடியும். அதைக்கூட மறுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாட்டின் பாதுகாப்புக்காக ரகசியம் என்பது வேறு, சாட்சிக்குக் கொடுத்த உறுதிக்காக ரகசியம் என்பது வேறு. ஒரு பயிற்சி விமான விபத்தில் ராணுவ ரகசியம் எதுவுமே இருக்காது, ஆனாலும் பயிற்சியாளர் சொன்ன வாக்குமூலத்தை மூடி வைப்பது சரி. அதே போல ரேடார் ரகசியம் உள்ள விபத்தில் ரேடார் பக்கத்தை மூடலாம், அதைச் சாக்காக வைத்துப் பராமரிப்புப் பதிவேட்டையும் மூடக் கூடாது. "ராணுவம், அதனால் ரகசியம்" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பிரிட்டனிலும் இந்தக் காயம் ஆறவில்லை. 1994 ஜூன் 2, ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைர் மலையில் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேரும் இறந்தார்கள். அதில் கறுப்புப் பெட்டி இல்லை, சாட்சி சொல்ல யாரும் மிஞ்சவில்லை. இறந்த விமானிகள் மேல் அலட்சியம் என்று சொல்ல வேண்டுமானால் துளிகூடச் சந்தேகம் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விமானப்படையின் அன்றைய விதி. விசாரணைக் குழு அப்படிச் சொல்லவில்லை, மேலே இருந்த இரண்டு ஏர் மார்ஷல்கள்தான் அதை மீறி "கடும் அலட்சியம்" என்று எழுதினார்கள். அந்தக் களங்கத்தைத் துடைக்க 2011 வரை ஆனது. விபத்து தொடர்பான சில கோப்புகள் 2094 வரை திறக்கக் கூடாது என்று மூடப்பட்டிருக்கின்றன. அன்றைக்கு இந்தக் குடும்பங்களில் யார் இருப்பார்கள்?

இப்போது குன்னூர். 2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து காலை 11.48-க்குக் கிளம்பிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்க வேண்டும், 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது என்று பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். காட்டேரி பக்கத்தில் விழுந்தது. 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ஆம் தேதி இறந்தார். ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை நடந்தது. 2022 ஜனவரி 14-இல் விமானப்படை ஒரு சின்ன அறிக்கை விட்டது: இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியம் இல்லை, பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே தரையில் மோதியது. கறுப்புப் பெட்டிப் பதிவுகளையும் சாட்சிகளையும் பார்த்துச் சொன்னதாகக் குறிப்பிட்டார்கள். வெளியே வந்தது அந்தச் சில வரிகள்தான்.

மூன்று வருடம் கழித்து, 2024 டிசம்பரில் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை ஒன்று வந்தது. 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நடந்த 34 விமானப்படை விபத்துகளின் கணக்கு அதில் இருந்தது. குன்னூர் விபத்துக்கு நேரே காரணம் என்ற இடத்தில் "மனிதத் தவறு, விமானக் குழு" என்று போட்டிருந்தது. உடனே செய்திகளில் விமானியின் தவறு என்று ஓடியது. 2022-இல் அலட்சியம் இல்லை என்றார்கள், இப்போது தவறு என்கிறார்கள், எது பொய் என்று பலரும் கேட்டார்கள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். மேகத்துக்குள் போய் வெளியே எதுவும் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாற்றும், சாய்ந்து போகும்போதும் நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். எவ்வளவு அனுபவமுள்ள விமானிக்கும் இது நடக்கும். விபத்துகளை வகைப்படுத்தும்போது இது மனிதக் காரணம் என்ற தலைப்புக்குக் கீழேதான் போகும், அதற்கு அலட்சியம் என்று பொருளில்லை. ஆனால் முழு அறிக்கை கையில் இல்லாததால் இதை யாரும் காட்டி விளக்க முடியவில்லை, அட்டவணையில் ஒரு கட்டத்தில் இருந்த இரண்டு மூன்று சொற்கள் இறந்தவர்கள் மேல் பழியாக விழுந்தன.

உண்மை சார்ந்த பகுதியை வெளியிட்டிருந்தால், கிளம்புவதற்கு முன் மலைப்பக்கத்து வானிலை பற்றி விமானிகளுக்கு என்ன தகவல் கிடைத்தது, அந்த வழியை, அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தது எப்படி, கருவிகள் கடைசி நிமிடங்களில் என்ன பதிந்தன, குழு என்னென்ன மாற்றங்களைச் சொன்னது, அவற்றில் எதெல்லாம் நடந்தது என்று எல்லாரும் படித்திருக்கலாம். இதில் எதுவும் எதிரிக்கு உதவாது. யாருடைய ரகசிய வாக்குமூலமும் இதில் இல்லை. காக்பிட்டில் கடைசியாகப் பேசிய குரல்களை வெளியிட வேண்டாம் என்பதே என் நிலைப்பாடும். சிவில் விமான விபத்துகளிலேயே சர்வதேச விதிகள் அந்தக் குரல்பதிவைப் பாதுகாக்கின்றன, அந்த விதிகள் ராணுவ விமானங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் அந்த மரியாதை இங்கேயும் வேண்டும்.

வெளியிட்டால் ஆபத்து என்பதும் எப்போதும் சரியில்லை. 2016 ஜூலை 22-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி 29 பேரோடு காணாமல்போன விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தின் பாகங்களை 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தபோது, எந்தக் கருவி கண்டுபிடித்தது, எங்கே, எவ்வளவு ஆழம் என்று பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. நாட்டுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஏழரை வருடம் காத்திருந்த குடும்பங்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்தது.

நம் முறையின் அடிப்படைச் சிக்கல், இங்கே கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ஒரே ராணுவ விசாரணைக் குழுதான் காரணத்தையும் தேடுகிறது, யார் பொறுப்பு என்றும் சொல்கிறது. அங்கே சொன்னதை ராணுவ நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கக் கூடாது என்று ராணுவ விதிகள் 1954-இல் 182-ஆவது விதி இருக்கிறது, விமானப்படைக்கும் இதே போக்கில் விதி உண்டு. ஆனால் நடவடிக்கை தொடங்குவதே அந்த விசாரணையிலிருந்துதான் என்பது சாட்சி சொல்ல வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். 2019 பிப்ரவரி 27-இல் காஷ்மீரின் புட்காமில் நம் ஏவுகணையே நம் எம்ஐ-17-ஐச் சுட்டு, விமானப்படையினர் ஆறு பேரும் கீழே இருந்த பொதுமக்களில் ஒருவரும் இறந்தார்கள். விசாரணை முடிந்து, அது பெரிய தவறு என்று தலைமைத் தளபதியே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், அதிகாரிகள் மேல் நடவடிக்கையும் வந்தது. அந்த விஷயத்தில் நடவடிக்கை அவசியம்தான். ஆனால் காரணம் தேடுவதும் தண்டனைக்கு வழிகாட்டுவதும் ஒரே மேஜையில் நடந்தால், அமெரிக்கப் பாராசூட் ஊழியருக்குக் கிடைத்த தைரியம் நம் மெக்கானிக்குக்குக் கிடைக்காது. பொதுமக்களுக்கு அறிக்கையும் கிடைக்காது. இரண்டு பக்கமும் நஷ்டம். நம்மிடமும் இரண்டு விசாரணை தனித்தனியாக நடக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதுவரை என்ன செய்யலாம் என்று கேட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துங்கள். விமானப்படை அந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. முழு அறிக்கையைக் கொடு என்று ஒரே வரியில் கேட்டால் பாதுகாப்பு என்று 8(1)(அ) பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். 10-ஆவது பிரிவு, தரக் கூடாத பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தரலாம் என்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிட்டு, வாக்குமூலமும் குரல்பதிவும் எனக்கு வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டு, வானிலைத் தகவல், பராமரிப்பு நிலவரம், குழுவின் பரிந்துரைகள், அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்கு இருந்தாலும் தரலாம் என்ற 8(2)-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுத்தால் முதல் மேல்முறையீடு, அப்புறம் மத்திய தகவல் ஆணையம். அங்கே போகும்போது வாதம் "எல்லாம் வேண்டும்" என்பதற்கும் "எதுவும் தர மாட்டோம்" என்பதற்கும் நடுவில் இருக்காது, எந்தப் பக்கத்தை ஏன் நீக்கினீர்கள் என்று அவர்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.